ஓத்மார் நிற்காமல் போன வீடு

ஓத்மார் கிர்ஷ்னர் நடந்தே சம்பளம் வாங்கியவர். எங்கள் எரிவாயுக் கம்பெனியில் அவருக்கு வேலை, பூமிக்கடியில் குழாய் போகிற தெருக்களில் ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது. வண்டிக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் தரையைத் தடவிக்கொண்டே வரும். குழாயில் எங்காவது கசிவு இருந்தால் அந்தக் காற்றைப் பாய் இழுக்கும். கைப்பிடியில் இருக்கிற பெட்டி கீச்சென்று கத்தும். ஏப்ரலில் பனி விட்டதும் ஆரம்பிப்பார், அக்டோபர் கடைசியில் நிறுத்துவார். ஸ்டெயர், என்ஸ், கிரைன், ஃப்ரைஸ்டாட் என்று மேல் ஆஸ்திரியாவில் எங்கள் குழாய் போகிற எந்த ஊரிலும் அவர் கால் படாத சந்து கிடையாது.

நான் ரோஸ்விதா. ஸ்டெயர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். நடக்கிறவர்களுக்குத் தெரு வரைபடம் எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் எழுதிக்கொண்டு வரும் தாள்களை டைப் அடித்து அந்தந்த ஊர் நகராட்சிக்கு அனுப்புவதும் என் வேலை. அந்தத் தாளில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். ஓத்மாருக்கு அந்த இடம் போதாது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதுவார்.

"எண் 22. கதவு தட்டுவதற்குப் பித்தளையில் ஒரு கை. மோதிர விரலில் நிஜ மோதிரம் போட்டு விட்டிருக்கிறார்கள்."

"தேவாலயத்தின் தெற்குச் சுவர். சூரியக் கடிகாரத்துக்கு எதிரே மரம் வளர்ந்துவிட்டது. இந்த ஊரில் பகல் பன்னிரண்டுக்கு மேல் மணி கிடையாது."

"எண் 9. மாடி ஜன்னலில் நிற்கும் பெண்மணி நிஜ ஆள் இல்லை, சுவரில் வரைந்த படம். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்."

கிரைனில் பழைய நாடகக் கொட்டகையின் சுவரில் ஒரு திறப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் பக்கத்துச் சிறையில் இருந்த கைதிகள் அதன் வழியாக நாடகம் பார்த்தார்களாம். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஓத்மார் அதை விட்டுவிட்டு, அங்கே டிக்கெட் கொடுக்கிற அம்மாளின் மேஜைக்கடியில் மூன்று ஜோடிச் செருப்பு இருப்பதை எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று தெருவில் நடக்க, ஒன்று உட்கார்ந்திருக்க, இன்னொன்று பெரிய மனிதர் யாராவது வந்தால் எழுந்து நிற்க.

நான் அவற்றை நீக்கிவிட்டுத்தான் டைப் அடிப்பேன். நீக்குவதற்கு முன்னால் இரண்டு தடவை படிப்பேன்.

அவர் மனைவி ஹெட்விக் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை. சாயங்காலம் ஹெட்விக் துணி தேய்க்கும்போது ஓத்மார் சமையலறை பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்லுவார். ஹெட்விக்குக் கதவுப் பிடியிலும் கூரை ஓட்டிலும் ஒரு ருசியும் இல்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சரி, கசிவு ஏதாச்சும் இருந்துச்சா?" என்பார்.

"இல்ல."

"அப்ப நல்ல நாள்தான்."

இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் ஓத்மார் ஆறுதான். ஆனால் அவர் நடந்து முடித்த தெருவில் கசிவு தப்பிப்போனதாக நான் ஒரு தாளிலும் பார்த்ததில்லை. மெதுவாகப் போகிறவருக்கு எல்லாம் அகப்படும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மே மாதத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதிலிருந்துதான் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியது. அதனால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு ஊரின் தாளில் ஓத்மார் எழுதியிருந்தார்: "நகர மண்டபக் கூரையில் காற்று காட்டும் தகரச் சேவல். காற்று எங்கிருந்து அடித்தாலும் அது மதுக்கடையையே பார்க்கிறது. மேயரும் அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார்."

கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். வெளியே நல்ல வெயில். அடுத்த நாள் விடுமுறை. அந்த வரியை நான் நீக்கவில்லை. அப்படியே டைப் அடித்து, உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். இந்தத் தாளையெல்லாம் அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். படிக்கிற குமாஸ்தா ஒருத்தி இருந்தால் அவளும் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

படித்தது மேயர்.

ஒரு வாரம் கழித்து எஞ்சினியர் ஸ்ட்ராசர் என்னையும் ஓத்மாரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்குக் காது நுனி வரை சிவந்திருந்தார்.

"இது என்ன, சுற்றுலாக் கம்பெனியா ஓத்மார்? அந்த ஆளு போன்ல என்னை அரை மணி நேரம் வறுத்து எடுத்துட்டாரு. அடுத்த வருஷம் நம்ம குழாய்க்கு அவருதான் கையெழுத்துப் போடணும். தெரியுமில்ல?"

"அது பின்பக்கத்துல எழுதினது, எஞ்சினியர் சார். அது போகற தாள் இல்ல."

ஸ்ட்ராசர் என்னைப் பார்த்தார்.

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. குறிப்பில் குழாயைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. தெருவில் நின்று யாரிடமும் பேச்சு வளர்க்கக் கூடாது. யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது; வீட்டுச் சுவர் வரைக்கும்தான் கம்பெனியின் பொறுப்பு, உள்ளே இருக்கிற குழாய் வீட்டுக்காரருடையது. இன்னொரு தடவை புகார் வந்தால் வேலை போகும். ஓத்மாருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஓய்வுக்கு நாலு வருஷம்.

என் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "அந்த வரி எப்படிப் போச்சு ரோசி?"

"தெரியல ஓத்மார். வேலை அதிகம். கண்ணுல படாம போயிருக்கும்."

"பரவால்ல" என்றார். "நானும் அதை எழுதியிருக்கக் கூடாது."

அந்தக் கோடையில் அவருடைய தாள்களும் மற்றவர்களுடைய தாள்களைப் போலவே வந்தன. குறிப்பில் ஒரு கோடு. எட்டு கிலோமீட்டர், எட்டரை, ஒரு நாள் ஒன்பது. ஜூலையில் ஹெட்விக் எனக்குப் போன் செய்தார். அதற்கு முன் அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை.

"ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சினையா? வந்து டிவி முன்னால உக்காந்துக்கறாரு. 'இன்னைக்கு என்ன பாத்தீங்க?'ன்னு நானே கேக்கறேன். 'தெரு'ங்கறாரு. உடம்புக்கு ஏதும் இல்லையே?"

வெயில் அதிகம், களைப்பாக இருக்கும் என்றேன்.

செப்டம்பரில் அவருக்கு லிண்டர்பாக் வந்தது. இரண்டு தெருவும் ஒரு தேவாலயமும் ஒரு பல் மருத்துவரும் உள்ள ஊர். எங்கள் பக்கத்திலேயே பாதிப் பேருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. அங்கே நடந்ததை ஓத்மார் பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை, நின்று நின்று சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் சாயக்காரர் சந்து என்று ஒன்று. அதில் பதினோராம் எண் வீட்டில் நோட்புர்கா எரன்ஃபெல்னர் என்ற பெண்மணி இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அந்தப் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை. தனி ஆள், ஒரு பூனை. அந்த வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகப் பூனைக்கென்று ஒரு சின்னக் கதவு. அதற்கும் ஒரு எண் பலகை: பதினொன்றரை. தபால் போடுவதற்கு விரல் அகலத்தில் ஒரு பிளவு. ஆறு வருஷத்துக்கு முன்னால் போனபோது ஓத்மார் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து சிரித்திருக்கிறார். ஜன்னல் வழியாக நோட்புர்கா அதைப் பார்த்திருக்கிறார்.

இந்தத் தடவை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது நோட்புர்கா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அட, என் பூனை வீட்டைப் பாத்துச் சிரிச்ச கேஸ்காரரு! இன்னைக்கு நிக்க மாட்டீங்களா?"

"வணக்கம் அம்மணி. இன்னைக்கு வேலை கொஞ்சம் அதிகம்."

"அன்னைக்கு மட்டும் வேலை இல்லையா? மணிக்கணக்கா குந்தியிருந்தீங்களே. அந்தப் பூனைக்கு நேத்து ஒரு கார்டு வந்துச்சு, தெரியுமா? தபால்காரரே எழுதிப் போட்டுட்டுப் போயிருக்காரு."

ஓத்மார் சிரித்தார். வண்டியை அவர் வீட்டுச் சுவர் வரை கொண்டுபோனார். பெட்டி கத்தவில்லை.

"உங்க மெஷினுக்காச்சும் மூக்கு வேலை செய்யுது. எனக்கு அதுவும் இல்ல" என்றார் நோட்புர்கா. "நாலு வருஷம் முன்னால சைக்கிள்லேர்ந்து விழுந்து தலையில அடி. அன்னைக்கோட வாசனையே போச்சு. காபியும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்ணுதான். ஒரு நல்லது, எங்க டாக்டர் தின்னுட்டு வர பூண்டு எனக்குத் தெரியறதில்ல."

"அது பெரிய லாபம்தான்."

"உள்ள வாங்க. உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன். நிலவறைச் சுவத்துல பழைய சுண்ணாம்பு பேந்து விழுந்துச்சு. உள்ளேர்ந்து ஒரு கல்லு மூஞ்சி வந்திருக்கு. தலைகீழா இருந்துக்கிட்டு நாக்கை நீட்டுது! எந்தக் கோயிலை இடிச்சப்ப எடுத்துட்டு வந்த கல்லோ. என் தம்பியைக் கூப்பிட்டேன், இந்தா வரேன்னவன் வரவே இல்ல. நீங்களாவது பாத்துட்டுச் சொல்லுங்க. கேக் கூட இருக்கு."

ஓத்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் பாக்கி. போன வாரம் ஸ்ட்ராசர் ஒரு தெருவில் காரை நிறுத்தி, அவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"அடுத்த தடவை கண்டிப்பா வரேன் அம்மணி."

"அடுத்த தடவைன்னா? இன்னும் ஆறு வருஷமா?"

"மூணு. இப்பல்லாம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை."

"சரி, அந்த மூஞ்சி எங்கேயும் போகாது. போய்ட்டு வாங்க."

நாக்கை நீட்டும் கல் முகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் அதைப் பார்க்காமல் ஓத்மார் கிர்ஷ்னர் ஒரு தெருவைத் தாண்டியது அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஆறு இருபதுக்கு, அந்த வீடு வெடித்தது. நோட்புர்கா வேலைக்குக் கிளம்ப எழுந்து விளக்கைப் போட்டிருக்கிறார். முன்சுவர் அப்படியே சந்தில் விழுந்தது. எதிர்வீட்டுக் கண்ணாடி எல்லாம் போனது. செத்தது அவர் ஒருத்தர்தான்.

எட்டு மணிக்கு எங்களுக்குத் தகவல் வந்தது. ஓத்மார் அன்றைக்கு என்ஸில் நடந்துகொண்டிருந்தார். எல்லாரையும் திரும்பி வரச் சொன்னார்கள். மஞ்சள் மேல்சட்டையோடு படியேறி வந்தார். யாரோ வாசலிலேயே லிண்டர்பாக் என்று சொல்லியிருக்க வேண்டும். என் மேஜைக்கு வந்து, "எந்த நம்பர்?" என்றார்.

"சாயக்காரர் சந்து. பதினொண்ணு."

மறுபடி வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. தான் நடந்த தெருவில் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. தெருக்குழாயில் பழுது இல்லை. ஓத்மாரின் கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. அவர் தாளும் சரியாக இருந்தது. நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் பழைய கொதிகலனுக்குப் போகும் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தது. ஸ்ட்ராசர் எல்லார் முன்னாலும் ஓத்மாரின் கையைக் குலுக்கி, "உங்க மேல ஒரு துளி தப்பு இல்ல. நிம்மதியா இருங்க" என்றார்.

நிபுணரின் அறிக்கைப் பிரதி கோப்பில் போட என்னிடம் வந்தது. அதன் நாலாவது பக்கத்தில் ஒரு வரி: இணைப்பில் படிந்திருந்த தடத்தைப் பார்த்தால் கசிவு குறைந்தது ஐந்து வாரமாக இருந்திருக்க வேண்டும்.

மாலையில் ஓத்மார் வரைபட அறைக்கு வந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"அறிக்கை வந்துருச்சாமே. எத்தனை நாளா கசிஞ்சிருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் போடல ஓத்மார்."

"ரோசி."

நான் கோப்பைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகுதான் நோட்புர்கா உள்ளே கூப்பிட்டதைச் சொன்னார். கேக், கல் முகம், மூக்கு வேலை செய்யாதது எல்லாவற்றையும்.

"வண்டியை வாசல்ல விட்டாலும் இடுப்புல சின்ன பெட்டி ஒண்ணு இருக்குமே. நிலவறைப் படியில ரெண்டாவது படி இறங்கினா அது கத்தியிருக்கும். 'அம்மணி, வெளிய வாங்க'ன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் வேலை. முப்பது வருஷமா நின்னேன் ரோசி. கண்ட கண்ட பூட்டுக்கும் பொம்மைக்கும் நின்னேன்."

"உள்ள போகக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க ஓத்மார்."

"அந்தம்மா மூக்கு வேலை செய்யலைன்னு சொல்லுச்சு. கேஸ்காரன்கிட்ட சொல்லுச்சு. நான் பூண்டுக்குச் சிரிச்சேன்."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், அந்த வரியை வேண்டுமென்றே விட்டது நான்தான் என்று. நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவருக்காக விழுங்கினேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைகளுக்கு எல்லாரும் விளக்கேற்றப் போகும் நாள், என்னை லிண்டர்பாக்குக்கு அழைத்துப்போகச் சொன்னார். காரில் மடியில் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். கல்லறையில் இன்னும் பெயர்க் கல் வைக்கவில்லை, மரச் சிலுவைதான். அங்கே உயரமான ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நோட்புர்காவின் தம்பி கோர்பினியன். பக்கத்து ஊரில் பேருந்து ஓட்டுகிறவர்.

ஓத்மார் தொப்பியைக் கழற்றினார். தான் யார் என்று சொன்னார். பிறகு எதையும் விடாமல், கேக் வரைக்கும், சொல்லி முடித்தார். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். சுற்றிலும் ஆட்கள் விளக்கேற்றிக்கொண்டும் இலைகளைக் கூட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

கோர்பினியன் கோபித்து அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா எல்லாரையும் கூப்பிடும்" என்றார். "மூஞ்சியைப் பாக்க வாடா, வாடான்னு என்னை ஆகஸ்ட்லேர்ந்து கூப்பிட்டுச்சு. நான் குழாய் வேலை தெரிஞ்சவன். பஸ் ஓட்ட வர்றதுக்கு முன்னால அதான் என் தொழில். நான் போயிருந்தா கண்ணாலேயே பாத்திருப்பேன். ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் இருந்துச்சு."

ஓத்மார் அவர் தோளைத் தொடப்போனார். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"வந்து சொன்னதுக்கு நன்றி. விளக்கை வெச்சுட்டுப் போங்க. ஆனா இனிமே வராதீங்க. தயவுசெஞ்சு சொல்றேன். உங்களைப் பாத்தா எனக்கு என் மூஞ்சியைப் பாக்கற மாதிரி இருக்கு."

ஓத்மார் விளக்கை ஏற்றினார். காற்றில் மூன்று தீக்குச்சி வீணானது. அதற்குப் பிறகு அவர் லிண்டர்பாக் போகவில்லை.

குளிர்காலத்தில் ஸ்ட்ராசரிடம் ஒரு மனு கொடுத்தார். நடக்கிறவரை வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டால் அவர் கருவியோடு போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைக் கிலோமீட்டரில் கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராசர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மூன்று மாதம் சண்டை போட்டார். கடைசியில் விதியில் அந்த வரி சேர்ந்தது. நான்தான் டைப் அடித்தேன். இன்றைக்கும் அது இருக்கிறது. அதன் பிறகு எத்தனை நிலவறைகளில் பெட்டி கத்தியது என்று நான் கணக்கு வைக்கவில்லை. இரண்டு எனக்குத் தெரியும்.

வசந்தத்தில் ஓத்மாரால் நடக்க முடியவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மணியடித்து, நிலவறையைப் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளில் ஒரு தெரு முடியவில்லை. ஒரு கிழவர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்து, மூன்று வருஷம் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள்.

ஹெட்விக் தன்னால் ஆனதைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் அவரை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார். ஷார்டிங்கில் வரிசையாக நிற்கும் வண்ண வீடுகள், க்முண்டனில் பீங்கான் மணி அடிக்கும் கடிகாரம். ஹெட்விக்கு இதிலெல்லாம் பழக்கம் கிடையாது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டினாராம்.

"இங்க பாருங்க, இந்த வீட்டுக்குக் கதவு இருக்கு!"

"எல்லா வீட்டுக்கும்தான் இருக்கு ஹெட்விக்."

"பச்சைக் கதவு."

ஓத்மார் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். குழாய் போகிற இடத்தில் கல் பதித்திருக்கும் விதம் மாறும், அதைத்தான் பார்த்தார். இரண்டு வருஷம் இப்படி முயன்று பார்த்துவிட்டு ஹெட்விக் நிறுத்திக்கொண்டார்.

ஓத்மார் இறப்பதற்கு முந்தின டிசம்பரில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பிஸ்கட் ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். ஹெட்விக் கடைக்குப் போயிருந்தார். ஓத்மார் சமையலறை பெஞ்சில் இருந்தார். இளைத்துப்போய், கம்பளிச் சட்டைக்குள் பாதி ஆளாக இருந்தார். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஓத்மார், அந்தச் சேவல் வரி. நான் கவனிக்காம விடல. தெரிஞ்சேதான் விட்டேன். சிரிப்பு வந்துச்சு, விட்டுட்டேன்."

அவர் பிஸ்கட்டை மேஜையில் வைத்தார்.

"தெரியும்."

"எப்ப?"

"அன்னைக்கே. இருபது வருஷமா ஒரு புள்ளி தப்பா அடிச்சு நான் பாத்ததில்ல. நீ கண்ணுல படாம விடுவியா?"

"அப்ப ஏன் பரவால்லன்னு சொன்னீங்க?"

"அப்ப அது பரவால்லாமதான் இருந்துச்சு. ஒரு கடுதாசி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே நினைச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "லிண்டர்பாக்குக்கு அப்புறம் உன் மேல கோபம் வந்துச்சு ரோசி. ரொம்ப. உன் கார்ல உக்காந்து கல்லறைக்கு வந்தப்பகூட அந்தக் கோபம் இருந்துச்சு."

"இப்ப?"

"இல்லைன்னு சொன்னா பொய்." பிறகு என் பக்கம் டப்பாவைத் தள்ளினார். "ஆனா நீ வந்துக்கிட்டே இருந்தே. அதையும் பாத்தேன். சாப்பிடு, நீ கொண்டு வந்ததுதான்."

ஹெட்விக் பையோடு உள்ளே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பிஸ்கட் தின்பதைப் பார்த்து, காபி வைக்கப் போனார்.

மார்ச்சில் ஓத்மார் தூக்கத்திலேயே போனார். ஸ்டெயரில் அடக்கம் செய்தோம். நான் நினைத்ததைவிடக் கூட்டம் அதிகம். கம்பெனியில் அவரோடு நடந்த எல்லாரும் வந்தார்கள். ஓய்வு பெற்ற ஸ்ட்ராசர் கோல் ஊன்றிக்கொண்டு வந்தார். முடிந்ததும் சாப்பாட்டுக்கு விடுதிக்குப் போனோம். மாட்டிறைச்சி சூப் வந்தது, பிறகு ஆப்பிள் மது. இரண்டு கோப்பைக்குப் பிறகு ஆட்கள் ஓத்மாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

என்ஸில் ஒரு நாய் தினமும் செய்தித்தாளைக் கவ்விக்கொண்டு போய்த் தவறான வீட்டில் போட்டுவிட்டு வருமாம். அந்த வீட்டுக்காரர் பத்து வருஷமாக ஓசியில் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது ஓத்மார். நாயைக் காட்டிக்கொடுக்க மனம் இல்லாமல் சொந்தக்காரரிடம் சொல்லவில்லையாம். வெல்ஸில் ஒரு தையல்காரர் கடைப் பொம்மைக்கு மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்தது போல மூக்கில் கைக்குட்டை கட்டிவிடுவாராம். ஓத்மார் அந்த ஊரில் நடக்கும் நாளெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று அதனிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவாராம். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்தார். மேஜை முழுக்கச் சிரிப்பு. ஸ்ட்ராசர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹெட்விக் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் பேசப் பேச, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"வீட்ல கடைசி ஏழு வருஷம் அவர் ஒண்ணும் சொல்லலை ரோசி. முன்னால சொன்னதெல்லாம் துணி தேய்ச்சுக்கிட்டே கேட்டேன். இப்ப யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் வரல."

அவர் சூப் ஆறிப்போயிருந்தது. நான் பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு வேறு ஒன்று சூடாகக் கொண்டுவரச் சொன்னேன்.